அந்தம்மா கை எங்கே?

மாசி மாதத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போனால் வீட்டுத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம் எனக் குவிந்து கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு திண்ணையில் ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். முகம் முழுக்கச் சுருக்கம், மூக்குத்தியில் வெயில், கண்ணில் லேசான சிரிப்பு. அன்று இரவே எங்கள் வட்டாரத்துப் புகைப்படக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல், கைதட்டல், நெருப்பு எல்லாம் வந்தன. "சூப்பர் ப்ரோ", "வேற லெவல்", "செம கிளிக்". இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள், தருமபுரியில் நான் தொழில் பழகிய ஸ்டுடியோவின் அண்ணனிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்தம்மா கை எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முகம் அழகாக இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அது புளி தட்டுவதைப் பற்றிய படம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தியும் அதைப் பிடித்த கையும் படத்தின் சட்டத்துக்கு வெளியே போயிருந்தன. எந்த ஊரிலும் எந்தப் பாட்டியையும் அப்படி எடுத்துவிடலாம். குழுவில் இருந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் சொல்லவில்லையா? தோன்றியவர்கள் இருந்திருப்பார்கள், சொல்லத்தான் இல்லை என்பது என் சந்தேகம். ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

படத்தை நாலு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது செல்போன் கொண்டுவந்த பழக்கம் அல்ல. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். இருபது ஆண்டுகள்கூட ஆகுமுன் சென்னையில் 'போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' தொடங்கப்பட்டுவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதற்குப் பின்னால் இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியை 1850-இல் தொடங்கியவரும் அவர்தான். கேமரா வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் கூடி, படத்தை மேசையில் பரப்பி, இது சரி இது சரியில்லை என்று பேசுவது அப்போதே ஆரம்பித்துவிட்டது. பிற்பாடு இது போட்டியாகவும் பட்டமாகவும் வளர்ந்தது. 1950-இல் ஐரோப்பாவில் உருவான சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு தரும் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்பவர்களை நம் ஊர்களிலும் பார்க்கலாம். ஆகவே குழு என்பது பழசு. மாறியது வேகமும் ஆள் எண்ணிக்கையும்தான்.

நான் தொழில் பழகிய ஃபிலிம் காலத்தில் எங்கள் பக்கத்தில் குழு என்று ஒன்று இல்லை, ஸ்டுடியோதான் இருந்தது. ஒரு ரோலில் 36 படம். லோட் பண்ணும் கை தேர்ந்ததென்றால் 37, 38 கூடத் தேறும். கல்யாணத்துக்கு எத்தனை ரோல் என்று முன்னாலேயே பேசிக்கொண்டுதான் போவோம். கழுவி பிரிண்ட் போட்டு வரும்போது வேலை செய்பவனுக்குக் கிடைக்கும் விமர்சனம் பெரும்பாலும் மூன்று சொல்லில் முடிந்துவிடும்: ஓவர், அண்டர், ஷேக். வெளிச்சம் கூடிப்போனது, குறைந்துபோனது, கை ஆடியது. மூன்றுமே அளந்து பார்க்கக்கூடிய தப்புகள். அடுத்த ரோலில் திருந்தாவிட்டால் சம்பளத்தில் தெரியும்.

அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஸ்டுடியோ கற்றுத் தந்ததெல்லாம் காசு கொடுப்பவர் கேட்டது மட்டும்: பாஸ்போர்ட் அளவு, தாலி கட்டும் நேரம், மூன்று வரிசை குரூப் போட்டோ. சந்தேகம் கேட்டால் "பார்த்துக் கத்துக்கோ" என்பதுதான் பதில். அதோடு, டார்க் ரூமுக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்த ஸ்டுடியோவை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. இன்று காவேரிப்பட்டணத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், கையில் இருக்கும் போனில் ஒரு படம் எடுத்து, அது ஏன் மங்கலாக இருக்கிறது என்று முகம் தெரியாத நூறு பேரிடம் கேட்டு, சோறு சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வாங்கிவிட முடியும். எனக்கு மூன்று வருஷம் பிடித்த விஷயம் அது. இதைக் குறைத்துப் பேசுபவர்கள் கதவு மூடியிருந்த காலத்தில் உள்ளே இருந்தவர்கள்.

குழுக்கள் உண்மையிலேயே உதவுகிற இடம் எது என்பதற்கு ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளலாம். அருவியைப் பஞ்சுபோல, பால்போல எடுக்க ஆசைப்பட்டு நட்டநடுப் பகலில் ஒருவர் போகிறார். வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறனை (ஐஎஸ்ஓ) 100-க்கும், லென்ஸின் துளையை எஃப் 16-க்கும் குறைத்து வைத்தாலும் வெயிலுக்கு ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்குதான் ஷட்டர் திறந்திருக்க முடியும். அந்த வேகத்தில் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். ஷட்டரை அரை நொடிக்கு நீட்டினால் படமே வெளுத்துப் போகிறது. குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும்: ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் போடு. அது லென்ஸுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ் மாதிரி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்; ஆறு முறை பாதியானால் 64-இல் ஒரு பங்கு. 125-இல் ஒரு பங்கு நொடியை 64-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அரை நொடி. ட்ரைபாட் வேண்டும், நுரையின் வெள்ளை எரிந்துபோகாமல் ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து அரை ஸ்டாப் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலையில் வெயில் ஏறுமுன் போக வேண்டும். கேள்விக்கு விடை இருந்தது, விடை தெரிந்தவர் குழுவில் இருந்தார், முடிந்தது.

இந்த மாதிரி கேள்விகள் எத்தனை வந்தாலும் குழு தாங்கும். தப்பைத் திருத்துவதில் கூட்டத்துக்கு நிகர் இல்லை. சிக்கல், படத்தில் தப்பு எதுவும் இல்லாமல் போகும்போது ஆரம்பிக்கிறது. ஷார்ப்பாக இருக்கிறது, வெளிச்சம் சரி, அடிவானம் நேர். அப்புறம்? இதை எதற்கு எடுத்தாய், இங்கே நின்று ஏன் எடுத்தாய், யாருக்குக் காட்டுகிறாய்? இதற்கெல்லாம் விடை ஃபார்முலாவில் இல்லை. கூட்டத்துக்கும் சொல்லத் தெரிவதில்லை. சொல்லத் தெரியாத இடத்தில் பாராட்டு வந்து நிரப்பிவிடுகிறது.

பாராட்டு எப்படி ஓடுகிறது என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மொய்தான். என் படத்துக்கு நீ "செம" எழுதினால் நாளைக்கு உன் படத்துக்கு நான் "மாஸ்" எழுத வேண்டும். எழுதாவிட்டால் மனதில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்துகொள்ளும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மொய் எழுதும் மேசையில் யாராவது சொல்வார்களா? இருநூறு பேரும் அந்தக் கையைப் பற்றி வாயைத் திறக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நானும் அப்படித்தான் பல படங்களுக்கு "அருமை" போட்டிருக்கிறேன்.

பாராட்டாமல் குறை சொன்னால் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஆவ்ரஹாம் க்ளுகர், ஆஞ்சலோ டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே கருத்துச் சொன்னால் அடுத்த முறை என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பல்வேறு ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளை எடுத்துக் கணக்கிட்டதில், சராசரியாக முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துக் கேட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்: கருத்து வேலையைச் சுட்டினால் கவனம் வேலைக்குப் போகிறது; ஆளைச் சுட்டினால் 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கவலைக்குப் போகிறது. திட்டு மட்டுமல்ல, புகழ்ச்சியும் ஆளைத்தான் சுட்டுகிறது. "நீ பிறவிக் கலைஞன்டா" என்று கேட்டவன் அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போது பாட்டியைப் பார்ப்பதில்லை, பிறவிக் கலைஞனைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

1988-இல் ரூத் பட்லர் பள்ளி மாணவர்களிடம் செய்த சோதனை இன்னும் நேராக நம் விஷயத்துக்கு வருகிறது. ஒரு பிரிவுக்கு வெறும் மதிப்பெண், ஒரு பிரிவுக்கு வெறும் எழுத்துக் குறிப்பு, மூன்றாவதற்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பலன் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பின் பக்கம் திரும்பவில்லை. லைக் எண்ணிக்கை ஒரு மதிப்பெண். அதன் அடியில் யாரோ ஒரு நல்ல மனிதர் நான்கு வரி எழுதியிருந்தாலும் நாம் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். எனக்குக் குறைந்தபட்சம் அப்படித்தான்.

எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எல்லார் படத்தையும் ஒன்றுபோல் ஆக்குகிறது. உள்ளங்கை அளவுத் திரையில், கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே போகும்போது, ஒரு நொடியில் கண்ணில் அடிக்கிற படம்தான் தேறும். நடுவில் ஒரே ஆள், பெரிய முகம், அழுத்தமான நிறம். கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறையும், அதன் அடிவாரத்தில் எறும்பளவு தெரியும் ஆட்டுக்காரரும் உள்ள படம் போனில் வெறும் பாறையாகத்தான் தெரியும். அதைப் பெரிதாக பிரிண்ட் போட்டுப் பார்த்தால்தான் அந்த ஆள் எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது உறைக்கும். லைக் வராத படத்தை யாரும் இரண்டாம் முறை எடுப்பதில்லை. அப்படித்தான் எருது விடும் விழா என்றால் காளை நேராகப் பாய்ந்து வருகிற படம், ஒகேனக்கல் என்றால் பனிமூட்டத்தில் ஒற்றைப் பரிசல், மாங்கனி என்றால் தட்டில் அடுக்கிய மாம்பழம் என்று ஆகிவிட்டது. தோட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் பறித்துக் கூடை கட்டிக் கூழ் ஆலைக்கு லாரி ஏற்றும்வரை எத்தனை கைகள்! அந்தப் படங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எடுத்தவர்கள் இருக்கலாம், எடுத்துவிட்டு அழித்தும் இருக்கலாம்.

கூட்டத்தின் கருத்து நேரடியாகக் கெடுத்த ஒரு படமும் என்னிடம் இருக்கிறது. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வயலோரத்து நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம்; மாடு கவரும் சண்டையில், கல்வெட்டுச் சொல்லில் 'தொறு' (மாட்டு மந்தை) மீட்பதில், செத்த வீரர்களுக்கு நட்டவை பல. வில்லோ வாளோ ஏந்திய வீரன், சிலவற்றில் காலடியில் மாடுகள், மேலே வட்டெழுத்தில் சில வரிகள். நான் போனது காலை ஏழு மணி. பக்கவாட்டு வெயிலில் கல்லின் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. குழுவில் போட்டேன். "ஷேடோ ஜாஸ்தி, தூக்கி விடுங்க" என்று மூன்று பேர் சொன்னார்கள். எடிட்டிங்கில் நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கினேன். படம் பளிச்சென்று ஆனது, எழுத்து காணாமல் போனது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் காட்டியபோதுதான் சொன்னார்: "அந்த நிழல்தான் சார் எழுத்தே." ஆழமில்லாத பொறிப்பில் கண் படிப்பது கீறலின் ஓரத்தில் விழும் நிழலை. பகலில் போக முடியாவிட்டால் இரவில் போய், டார்ச்சைக் கல்லை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடித்து எடு என்றார். அதோடு சாக்பீஸைத் தேய்த்து எழுத்தைத் தெரியவைக்கும் வேலை மட்டும் வேண்டாம், கல்லுக்குக் கேடு என்று இரண்டு முறை சொன்னார். குழுவில் சொன்ன மூவரும் புகைப்படம் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கு அந்தக் கல் தெரியாது.

யானை விஷயம் வேறு மாதிரி. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் தேன்கனிக்கோட்டை, ஓசூர், சானமாவு காடுகளுக்கு இறங்கும். ஒருவர் நல்ல படம் போட்டு, "எந்த இடம் ப்ரோ?" என்ற கேள்விக்குப் பதிலும் போட்டுவிட்டால் மறுநாள் அந்த ஏரிக்கரையில் பைக்குகள் நிற்கும். யானை மிரண்டு ஓடும் திசையில் யாருடைய வயல் இருக்கிறதோ அவருக்குத்தான் நஷ்டம். இதனால் யாரும் புகைப்படக்காரராக வளர்வதில்லை.

இடம் என்றதும் ஒன்று. போனில் எடுக்கும் படத்துக்குள் ஷட்டர் வேகம், துளை, ஐஎஸ்ஓ, அமைப்பில் அனுமதித்திருந்தால் எடுத்த இடம் எல்லாம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கும். குழுவில் வரும் சுருங்கிய படத்தைப் பார்த்து "ஷார்ப்னஸ் பத்தல" என்று சொல்வது பல நேரம் போட்டோகிராஃபரைக் குறை சொல்வதல்ல, வாட்ஸ்அப்பைக் குறை சொல்வது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் படம் அப்படியே போகும். ஆனால் இடமும் சேர்ந்து போகும். யானைப் படத்தை அப்படி அனுப்புமுன் இடத்தை நீக்கிவிடுங்கள்.

குழுவே இல்லாமல் வளர முடியாதா? முடிந்திருக்கிறது. மா. கிருஷ்ணன், எழுத்தாளர் மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கருவியை அமைத்து 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டார். நாகரிகம் எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்த்த ஆள் மாதிரியே தெரியவில்லை. ஆனால் அவர் தனியாக இருந்தார் என்று சொல்வது பாதி உண்மை. யானையை வருஷக்கணக்கில் கவனித்தார், எழுதினார். ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கைப் பத்தி எழுதிக்கொண்டே இருந்தார். விலங்கைத் தெரிந்தவருக்குப் படம் சரியா தப்பா என்று அந்த விலங்கே சொல்லிவிடும். நம்மில் பலருக்கு அந்தத் துணை கிடையாது என்பதால்தான் மனுஷத் துணை வேண்டியிருக்கிறது.

எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்பதைத் தவிர நாகரிகமான பதில் இல்லை. "உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நம்மைப் பாராட்டவும் வேண்டாம், நோகடிக்கவும் வேண்டாம், தன் கண் போன வழியைச் சொன்னால் போதும். வலது ஓரத்து பிளாஸ்டிக் குடத்துக்குப் போச்சு என்பார். அந்தக் குடம் அங்கே இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. ஒரே காட்சியில் எடுத்த பத்துப் படத்தையும் போட்டு எதை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்பது இன்னொரு வழி. நாம் தேர்ந்தெடுத்ததும் அவர்கள் தேர்ந்தெடுத்ததும் வேறாக இருக்கும்போதுதான் பேச்சே ஆரம்பிக்கும். பிறர் படத்தைப் பற்றி நான்கு வரி எழுதிப் பார்ப்பதும் பயன். 'அருமை' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் எழுத முயன்றால் நாம் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறோம் என்பது தெரியவரும். எனக்கு முதல் தடவை இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

நாங்கள் இப்போது நான்கு பேர், மாதம் ஒருமுறை தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையின் மாடியில் உட்காருகிறோம். ஆளுக்குப் பத்து பிரிண்ட், நாலுக்கு ஆறு அளவு, லேபில் போட்டு எடுத்து வர வேண்டும். எடுத்தவர் முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது. இது மட்டும்தான் விதி, இதைக் கடைப்பிடிப்பதற்குள் உயிர் போகிறது. "அன்னிக்கு மழை, அதனாலதான்…" என்று ஆரம்பிக்காதவர் இல்லை. நான்கு பேரில் ஒருவர் புகைப்படக்காரரே அல்ல, பட்டுக்கூடு வியாபாரம். அவர்தான் அதிகம் உதவுகிறார். ஷேடோ, ஹைலைட் என்றெல்லாம் அவருக்கு வராது, "இந்தாளு எதுக்கு இங்க நிக்கிறாரு?" என்பார். பெரிய குழுவிலும் இன்னும் இருக்கிறேன். லென்ஸில் பூஞ்சை வந்தபோது என்ன செய்வது என்று அங்கேதான் கேட்டேன், சரியாகவே சொன்னார்கள்.

புளிப் படத்தை மறு வருஷம் திரும்பப் போய் எடுத்தேன். அதே பாட்டி, அதே திண்ணை. இந்த முறை கை, சுத்தி, தெறிக்கும் ஓடு, பின்னால் முகம். பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ அண்ணனிடம் கொடுத்தேன். பார்த்தார். "இப்ப முகம் எதுக்கு?" என்றார். அது சரியா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பாட்டிக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கையையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. விரலால் பின்புறத்தைத் தொட்டு, "ஏப்பா, நாலு மூட்டை கட்டி வெச்சிருந்தேன், மூணுதான் தெரியுது?" என்று கேட்டார்.